உயிரோடு இருப்பவருக்குக் கண்ணீர் அஞ்சலி

ஹலோ... ஹலோ, மல்லாவிச் சந்தையடியில பனர், நோட்டீஸ் அடிக்கிற கடைதானே?... ஓம்... ஓம் ஓம், ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்க வேணும்... அவசரம்தான் தம்பி. செத்தவீட்டு அலுவல் ஆறுதலாச் செய்யிற அலுவலோ... எழுதுறீங்களோ?... சரி, எழுதுங்கோ.

செத்தவற்ர பேர் மெல்ரொன்... மெல்ரொன்... ஓம், உங்கட பேர் மாதிரித்தான்... வயசு இருபத்திமூண்டு... சின்ன வயசுதான், என்ன செய்யிறது... பிறந்த இடம் அலம்பில். வாழ்ந்த இடம் பேஸ்புக். அதையும் போடுங்கோ... படமோ? படம் உங்களிட்டையே இருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி நிக்கிற படம்...

ஆரோ? இன்னும் பிடிபடேல்லையோ?... வைக்காத. மெல்ரொன், வைச்சியெண்டா நாளைக்குக் காலமை பஸ் ஏறி வந்து உன்ர முதலாளிக்கு முன்னால நிண்டு கத்துவன்... ஓம். றஞ்சனி அன்ரிதான். நீ சாக்காட்டின அல்பேர்ட்டின்ர மனிசி.

என்ர நம்பரை அடைச்சு வைச்சிருக்கிறாய். டக்சாயினின்ர போனில இருந்து எடுத்துப் பாத்தன், என்ர பிள்ளையின்ர நம்பரையும் அடைச்சிட்டாய். கடை நம்பரை அடைக்க ஏலாதுதானே... ஆ, இப்ப மட்டும் அன்ரியோ. அன்ரி, அன்ரி எண்டு குழையாத. அன்ரி செத்துப்போனா எண்டு நினைச்சுக் கதை. உனக்கு அது லேசான வேலைதானே.

பகிடியோ?... பகிடிக்குத்தான் போட்டனியோ?... பிறந்தநாள் வாழ்த்தாம். உயிரோட இருக்கிற மனுசனுக்கு மெழுகுதிரி கொளுத்தி, ரோசாப்பூ வைச்சு, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' எண்டு போட்டது பிறந்தநாள் வாழ்த்தாம். கொப்பற்ர பிறந்தநாளுக்கும் அப்பிடித்தான் போடுவியோ?... அவருக்குப் போடமாட்டாய்தானே... போடமாட்டாய்.

நீ கதைக்காத. நான் சொல்லுறன், கேள். செவ்வாய்க்கிழமை விடிய நான் குசினிக்க நிக்கிறன். பிறந்தநாளெண்டு கோழி வாங்கி வைச்சிருந்தனான். படலையில அழுகுரல் கேக்குது. எட்டிப் பாத்தா மீனவர் சங்கத் தலைவர் நல்லதம்பியண்ணை. தோளில துவாயைப் போட்டுக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து. அவருக்குப் பின்னால ஏழெட்டுச் சனம். ஒரு மனிசி சீனியும் தேயிலையும் கொண்டு வந்திருக்கிறா. இவர் முத்தத்தில கதிரையைப் போட்டு, முகம் முழுக்க சவர நுரையோட இருக்கிறார். இருந்துகொண்டு கேக்கிறார், 'என்ன நல்லதம்பியண்ணை, ஆர் மோசம் போனது?' எண்டு... ம்... சிரி. நல்லாச் சிரி... சிரிக்கேல்லையோ? மூக்கால சத்தம் வந்தது எனக்குக் கேட்டது.

நல்லதம்பியண்ணை சிரிக்கேல்லையடா. அவர் அப்பிடியே குந்தி இருந்திட்டார். தண்ணி குடுத்துத்தான் எழுப்பினது... ஏன் தெரியுமோ? எங்கட கரையில ஒருத்தர் கண்ணை மூடினா, அடக்கம் முடியும்வரைக்கும் ஒரு படகும் இறங்காது. நீயும் அந்தக் கரையில பிறந்தனிதானே, உனக்குத் தெரியாதோ. உன்ர படத்தை நம்பி அண்டைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லை. விடியத் தள்ளின ரெண்டு படகையும் போன் எடுத்துக் கூப்பிட்டுத் திருப்பினவை. பெடியள் ரோட்டில செத்தவீட்டுக் கொடி கட்ட வெளிக்கிட்டிட்டாங்கள். பிறகு எல்லாரும் இவரைப் பாத்துப் போட்டு, சந்தோசப்படுறதோ ஏசுறதோ எண்டு தெரியாமப் போனதுகள். செத்தவீட்டுக்கு எண்டு வந்த சீனியைத் திருப்பிக் கொண்டுபோகவும் ஏலாது, குடுத்திட்டுப் போகவும் ஏலாது. அது இன்னும் என்ர மேசையில கிடக்குது...

ஓம். ஓம், தெரியும். மன்னிப்பு எழுதிப் போட்டனி, பாத்தனான். கையைக் கூப்பிக்கொண்டு நிக்கிறாய். அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கிறாங்கள் எண்டு பாத்தனியோ?... நீயே சொல்லு... சொல்லமாட்டியோ? நான் சொல்லுறன். 'அடுத்த படம் கிடைச்சிட்டுது பெடியள்' எண்டு. உன்ர கூப்பின கையை வெட்டி, அதுக்க ஒரு கருவாட்டை வைச்சு, அதையும் சுத்தவிட்டிருக்கிறாங்கள். ரெண்டாயிரம் சிரிப்பு. உன்ர மன்னிப்பை ஒரு நாயும் நம்பேல்லை... ஏன் நம்பப்போறாங்கள்? நீதானே பழக்கி வைச்சனி.

எனக்கு விளங்காதெண்டு சொல்லாத. எனக்கு விளங்கும். டக்சாயினி இருத்தி வைச்சுச் சொல்லித் தந்தவள். முதல்ல சினிமாப் படத்தை வெட்டிப் போட்டு ரெண்டு வரி எழுதினியள். மீன்விலை, கறண்ட் பில், காதல் தோல்வி. எங்களுக்கும் விளங்கிச்சுது, நாங்களும் சிரிச்சம். பேந்து அந்தப் படத்தையே வேணுமெண்டு மங்கலாக்கி, எழுத்தைக் கோணலாக்கிப் போட்டியள். அது என்னெண்டு கேட்டா, மோசமான பகிடி போடுறவையைப் பாத்துப் பகிடி பண்ணுறியளாம். சரி, அதையும் விட்டம். பேந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரை. வெறும் வெள்ளைக் கதிரை. ஒரு எழுத்தில்லை. அதுக்கு மூவாயிரம் பேர் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கினம். நான் அந்தக் கதிரையை எவ்வளவு நேரம் பாத்திருப்பன் தெரியுமோ? கால் உடைஞ்சிருக்கோ, ஆரும் விழப்போகினமோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்... ஒண்டுமில்லையோ? ஒண்டும் இல்லாததுதான் பகிடியோ?... நல்லாயிருக்கு.

என்னை வைச்சும் சிரிச்சனியள்தானே... மறைக்காத. போன வருசம் உங்கட 'உப்புக்காத்துப் பெடியள்' பக்கத்தில ஒவ்வொரு நாளும் காலமை ரோசாப்பூவும் தேத்தண்ணிக் கோப்பையும் போட்டு 'இனிய காலை வணக்கம்' எண்டு போட்டியள். எனக்குச் சந்தோசம். எங்கட பெடியள் திருந்திட்டாங்கள் எண்டு நினைச்சன். ஒரு நாளும் விடாம 'உங்களுக்கும் இனிய நாளாகட்டும் பிள்ளையள்' எண்டு பதில் எழுதினனான். நீயும் அதுக்கு இதயம் போட்டனி... ஓம், போட்டனி. அது எங்களை மாதிரிக் கிழடுகள் போடுற படத்தைப் பாத்துப் போட்ட நக்கல் எண்டு டக்சாயினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த இதயமும் நக்கல் இதயமாம். இதயத்தில என்னடா நக்கல்?... அதுக்குப் பிறகு பெத்த பிள்ளை இதயம் அனுப்பினாலும் ஒருக்கா யோசிக்கிறன்.

அதை விடு. அது என்ர பாடு. நான் அதுக்காக உனக்குப் போன் எடுக்கேல்லை.

இந்தச் செத்தவீட்டு நோட்டீசும் அப்பிடித்தானே வந்தது. முதல்ல நீ போட்டதுகளில ஒரு வரி இருக்கும். 'மனிசிக்குத் தெரியாமக் குடித்துக் காலமானார்' எண்டு. வாசிக்கிறவனுக்குத் தெரியும் ஆள் உயிரோட எண்டு. இவருக்குப் போட்டதில அந்த வரியைக் காணேல்லையே, எங்க போனது?... என்ன?... திருப்பிச் சொல்லு... பகிடி எண்டு தெரிஞ்சா அது பழைய பகிடியோ? இப்ப பகிடி எண்டு தெரியவே கூடாதோ?... அப்ப அதுக்கும் பொய்க்கும் என்னடா வித்தியாசம்? கடையில செத்தவைக்கு நோட்டீஸ் அடிச்சுச் சம்பளம் எடுக்கிறாய். போன மாசம் எங்கட சித்தப்பாவுக்கு அடிச்சுத் தந்த அதே ரோசாப்பூ, அதே மெழுகுதிரி, அதே எழுத்து. உன்ர கையில எது மெய், எது பொய் எண்டு மாதாவுக்கும் தெரியாது...

இல்லை, இரு. வாடிக்கையாளர் வந்தா நிக்கட்டும். நானும் வாடிக்கையாளர்தான். மெல்ரொனுக்கு நோட்டீஸ் அடிக்க வந்தனான்... நிக்கட்டும் எண்டு சொன்னனெல்லோ.

இப்ப யூஜினுக்கு வா... யூஜின். இவற்ர தம்பி, கனடாவில இருக்கிறவர்... தெரியாது எண்டு சொல்லாத. அவற்ர முகத்தைத் தெரியாத ஆள் இப்ப முல்லைத்தீவில இல்லை. நீதானே அந்த முகத்தை வெட்டினது...

உனக்கு என்ன தெரியும் எண்டு சொல்லு பாப்பம்... பேஸ்புக்கில தேடினனியோ? இவருக்குச் சொந்தம் ஆர் ஆர் எண்டு பாத்து, நோட்டீஸ் மெய் மாதிரி இருக்கட்டுமெண்டு போட்டனியோ?... ஓம். போட்டிருந்தது. 'யூஜின் (கனடா) அவர்களின் பாசமிகு சகோதரரும்' எண்டு வடிவாப் போட்டிருந்தது. ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. ஊரில கேட்டிருந்தா ஒரு சின்னப் பிள்ளையும் சொல்லியிருக்கும், அந்தப் பேரை அந்த வீட்டில சொல்லுறேல்லை எண்டு.

கேள். இவற்ர அம்மா, என்ர மாமி, ஞானமலர் மோசம் போகேக்க செத்தவீட்டுக்கு யூஜின் வரேல்லை. அவருக்கு அங்க பேப்பர் சரிவரேல்லை, வெளிக்கிட்டா திரும்பிப் போக ஏலாது. போனில அழுதவர். இவர் கேக்கேல்லை. பெத்த தாய்க்கு மண் போட வராதவன் எனக்குத் தம்பியில்லை எண்டு நிண்டிட்டார். மரண அறிவித்தல் அடிக்கேக்க அந்தப் பேரை எடுத்திட்டார். மாமிக்கு ஒரு மகன் எண்டு அடிச்சு ஒட்டினது. நான் அண்டைக்குச் சொன்னனான், ஒரு பேர்தானே, இருந்திட்டுப் போகட்டும் எண்டு... ஒரு பேர்தான். ஆனா உனக்குத் தெரியும், நீ அதைத்தானே நாள் முழுக்க அடிக்கிறாய். சனம் அந்த நோட்டீசில செத்தவற்ர முகத்தைப் பாக்க முதல் தன்ர பேர் இருக்கோ எண்டுதான் பாக்கும். யூஜினும் பாத்திருக்கிறார். கனடாவில இருந்து, போனில பாத்திருக்கிறார். தான் அந்தத் தாய்க்குப் பிள்ளையே இல்லை எண்டு கிடக்குது. அண்டையோட கதை நிண்டிட்டுது. பத்துப் பன்ரண்டு வருசமா ஒரு சொல் இல்லை.

அப்பிடி இருந்த மனுசன் செவ்வாய்க்கிழமை உன்ர நோட்டீசைப் பாக்கிறார். அண்ணன் செத்துப்போனார். கீழ பாத்தா தன்ர பேர்... என்ன நினைச்சிருப்பார்? சொல்லு... இல்லை, நீ சொல்லு, உனக்குத்தானே நல்ல மூளை... ஓம். அதுதான். சாகேக்க அண்ணன் என்ர பேரைப் போடச் சொல்லியிருக்கிறார் எண்டு நினைச்சிட்டார். அதுதான் அவர் பேஸ்புக்கில போட்ட அந்த வீடியோ. காருக்க இருந்து, வேலைச் சட்டையோட, சீற் பெல்ற்றையும் கழட்டாம, அந்த மனுசன் குழறினது. 'அண்ணா, என்ர பேரைப் போட்டிட்டியே, போட்டிட்டியே' எண்டு.

அதைத்தானே நீ வெட்டினனி.

வாயைத் திறந்து அழுற அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஸ்ரிக்கராக்கி விட்டாய். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் எண்டா அந்த முகம். கிரிக்கெற்றில தோத்தா அந்த முகம். சோத்துக்குக் கறி இல்லையெண்டா அந்த முகம். எங்கட சங்கத்தின்ர குறூப்பிலயே 'இண்டைக்கு மீன் படேல்லை' எண்டு ஒருத்தன் அந்த முகத்தைப் போட்டான். இவர் அதைப் பாத்திட்டு போனைக் கவிட்டு வைச்சார். பிறகு எடுக்கேல்லை...

என்ன, இப்ப ஒருத்தரும் அவரைக் கேவலமாப் போடேல்லையோ? மரியாதையாப் போடினமோ? ஓம், பாத்தன். தலையில கிரீடம் வைச்சு, சுத்திவர வெளிச்சம் விட்டு, 'எங்கள் கண்ணீர்க் கடவுள் யூஜின் அப்பா' எண்டு. இது மெய்யான மரியாதையோ, இல்லை நக்கலோ?... ரெண்டுமோ?... ரெண்டும் எண்டா என்னடா? ஒருத்தனைக் கும்பிட்டுக்கொண்டே காறித் துப்புவியளோ?... உனக்கே தெரியாதோ. நல்லது. குறைஞ்சது அதையாவது மெய்யாச் சொன்னாய்.

இதில எங்கட மனுசனும் விசரன். பிறந்தநாளண்டு காலமை, யூஜின்ர வீடியோ வர முதல், உன்ர நோட்டீசைப் பாத்திட்டு, 'என்னைச் சாக்காட்டிப் போட்டாங்கள்' எண்டு சிரிக்கிற முகம் போட்டுத் தன்ர பக்கத்திலயும் போட்டவர். வாசிக்கேல்லை, தன்ர படத்தைத்தான் பாத்தவர். கீழ தம்பின்ர பேர் இருந்தது அவருக்குத் தெரியாது. அதைப் பிறகு யூஜின் பாத்திருக்கிறார். இப்ப அவர் என்ன நினைக்கிறார் தெரியுமோ? அண்ணனும் ஊர்ப் பெடியளும் சேந்து, வேணுமெண்டு தன்ர பேரைப் போட்டு, தன்னை அழவைச்சு, வெட்டி எடுத்துச் சிரிச்சவை எண்டு நினைக்கிறார். அவற்ர மனிசி போன் எடுத்துச் சொன்னவா. வேலைக்குப் போகேல்லையாம். வீட்டைச் சூடாக்கிற பொயிலரை அண்டிக்கொண்டு நிலவறையில இருக்கிறாராம். இனி அவற்ர வாயில அண்ணன் எண்டு ஒரு சொல் வராது எண்டு சொன்னவராம். எங்கட நம்பர் எல்லாத்தையும் அடைச்சிட்டார்...

விளங்கிச்சுதோ? முந்தி கோவம் மட்டும்தான் இருந்தது. கோவம் எண்டா ஒரு நாளைக்கு ஆறும் எண்டு நான் பாத்துக்கொண்டு இருந்தனான். நீ அதுக்கு மேல அவமானத்தைக் கொண்டுபோய் வைச்சிட்டாய்.

இப்ப நீ செய்யவேண்டியது ஒண்டுதான். யூஜினோட கதைக்கிறாய். அண்ணனுக்கு இதில ஒரு பங்கும் இல்லை, எல்லாம் நான் செய்தது எண்டு சொல்லுறாய்... என்ன? கதைச்சிட்டியோ?... எப்ப?... நேற்றோ? எழுதினனியோ?... அவர் பதில் போட்டவரோ? ஏனடா இதை முதல்லயே சொல்லேல்லை?... நான் விட்டால்தானே எண்டோ. சரி, சரி, சொல்லு. என்ன எழுதினவர்?... ஏசேல்லையோ?... ஒண்டே ஒண்டு மட்டும் கேட்டவரோ?... என்னெண்டு?

...

திருப்பிச் சொல்லு.

...

'என்ர பேரைப் போட்டது ஆர்' எண்டோ... வேற ஒண்டும் கேக்கேல்லையோ?... அது மட்டும்தானோ... நீ என்ன சொன்னனி?... இன்னும் சொல்லேல்லையோ. ஏன்?... ம்... ம்... பொறு. பொறு மெல்ரொன், நான் கிணத்தடிப் பக்கம் போறன். இவர் விறாந்தையில இருக்கிறார்.

... சரி, கதை. மெதுவாக் கதை.

ஓம், நீ சொல்லுறது சரி. நான்தான் போட்டனான் எண்டு நீ மெய்யைச் சொன்னா, அண்ணன் தன்ர பேரைப் போடச் சொல்லவே இல்லை எண்டு ஆகும். ஓம். அதுவும் போச்சுது. அந்த மனுசன் இவ்வளவுக்கும் பிறகு, அண்ணன்தான் பேரைப் போட்டிருப்பாரோ எண்ட ஆசையை மட்டும்தான் கையில பிடிச்சுக்கொண்டு இருக்கிறார் போல... நான் இதை யோசிக்கேல்லை. சொல்லு, சொல்லு எண்டு உன்னைப் பிடிச்சுத் தள்ள வந்தனான்.

கேள். நீ ஒரு வேலை செய்... அண்ணைதான் போடச் சொன்னவர் எண்டு சொல்லு... ஓம், அல்பேர்ட் அண்ணை. 'பகிடிக்கு நோட்டீஸ் அடிக்கிறம் எண்டு சொன்னனாங்கள், அவர் சரி போடுங்கோ, தம்பின்ர பேரை விட்டிடாதேங்கோ எண்டு சொன்னவர்' எண்டு எழுது... ஏன் ஏலாது?

பொய் சொல்லமாட்டியோ?

நீயோ? நீ பொய் சொல்லமாட்டியோ? உயிரோட சவரம் எடுத்துக்கொண்டு இருந்த மனுசனைக் கர்த்தருக்குள் நித்திரையாக்கினவன், ஒரு குடும்பம் சேரட்டும் எண்டு ஒரு பொய் சொல்ல மாட்டியோ? ஊர் ஊராப் பொய்யை அவிட்டு விட்டிட்டு, எனக்கு எண்டு வரேக்க உனக்கு ஞானஸ்நானம் குடுத்தது ஞாபகம் வந்திட்டுதோ? ஆரடா உன்னை... என்ன?... என்ன சொன்னனி?... சொல்லமாட்டன் எண்டில்லையோ, சொன்னாலும் நம்பமாட்டார் எண்டோ...

ம்... ஓம். உன்ர வாயால வந்தா நம்பமாட்டார். மெய் சொன்னாலும் சிரிப்பார், பொய் சொன்னாலும் சிரிப்பார். உன்ர வாய் இனி அதுக்கு உதவாது... அழாத. இப்ப நீ அழுதா அது மெய்யோ பொய்யோ எண்டு எனக்கும் தெரியாது. அதைப் போய் ஆரும் வெட்டப்போறாங்கள், அழாத...

ஐயோ.

இல்லை, உன்னை இல்லை. இவர் நிக்கிறார். வாளியோட பின்னால நிக்கிறார். எப்ப வந்தவர் எண்டு தெரியேல்லை... பொறு, வைச்சிடாத.

இஞ்சருங்கோ... ஆரோடயும் இல்லை... ஓம், அந்தப் பெடியன்தான். மெல்ரொன்... ஓம். ஓம், கேட்டவராம். பேரைப் போட்டது ஆர் எண்டு கேட்டவராம்... நான் ஏன் உங்களுக்குச் சொல்லேல்லையோ? உங்களுக்குச் சொன்னா என்ன செய்யப்போறீங்கள்? பன்ரண்டு வருசமாச் செய்ததைத்தானே செய்வீங்கள். கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடலைப் பாப்பீங்கள்... கத்தேல்லை. நான் கத்தேல்லை. அவர் அங்க நிலவறைக்க இருக்கிறார், நீங்கள் இஞ்ச விறாந்தையில இருக்கிறீங்கள், நடுவில நான் நாயா அலையிறன்... ஓம், அழுறன்தான். எனக்கு ஒருத்தரும் ஸ்ரிக்கர் அடிக்க ஏலாது, நான் படம் எடுக்காம அழுறன்.

... என்ன?

... என்ன சொல்லுறீங்கள்?

மெல்ரொன். நிக்கிறியோ?... கடையில தாள் பேனை இருக்கோ? எழுதட்டாம்... இல்லை, உனக்கு இல்லை. உன்ர செத்தவீட்டைப் பிறகு பாப்பம். வாற மாசம் மாமின்ர ஆண்டுப் பூசை. அதுக்கு நினைவஞ்சலி நோட்டீஸ் அடிக்க வேணுமாம்... ஓம், இவர்தான் சொல்லுறார்... மெய்யான நோட்டீஸ். கடுதாசியில. கோயில் மதில்ல, மீன்வாடியில, சந்தியில எல்லாம் ஒட்டுறது... பேஸ்புக்கில நீ போடக் கூடாது. உன்ர பக்கத்துக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. மதில்ல ஒட்டின பிறகு நான் அதைப் படம் எடுத்து யூஜின்ர மனிசிக்கு அனுப்புவன். கோயில் மதிலுக்கு ஒருத்தரும் சிரிக்கிற முகம் போடமாட்டினம்.

எழுது. அமரர் ஞானமலர்... ஓம்... மாமின்ர படம் நான் தாறன், நீ தேடாத. ரோசாப்பூ வேண்டாம். அந்த மெழுகுதிரியும் வேண்டாம், அதைப் பாத்தாலே எனக்குப் பத்தி எரியுது... சும்மா வெள்ளையா விடு. 'என்றும் உங்கள் நினைவோடு வாழும் பிள்ளைகள்' எண்டு போடு... போட்டிட்டியோ?

இஞ்சருங்கோ, பேரைச் சொல்லுங்கோ... ம்... ம்...

யூஜின், கனடா. எழுது... ஓம், முதல்ல யூஜின். அதுக்குக் கீழ அல்பேர்ட்... எனக்கும் தெரியுமடா மூத்தவர் பேர்தான் முதல் வாறது எண்டு. நான் மாறிச் சொல்லேல்லை. இவருக்கும் தெரியும். இவர் அப்பிடித்தான் போடட்டாம்.

பொறு, இன்னும் என்னவோ சொல்லுறார்... ஆ... ஆ...

யூஜினுக்கு நீ இண்டைக்கே பதில் எழுதட்டாம். பொய் வேண்டாமாம்... அந்த நோட்டீசில பேரைப் போட்டது நீ எண்டு எழுதட்டாம். இந்த நோட்டீசில போட்டது அண்ணன் எண்டு எழுதட்டாம்.

... அவ்வளவுதான். வேற ஒண்டும் இல்லை. இவர் வாளியையும் விட்டிட்டுப் போறார்.

என்ன?... ஏன் இப்ப மெதுவாக் கதைக்கிறாய்?... என்ன கேட்டனி?... இது மெய்யான ஓடரோ, இல்லை உன்னை வைச்சு நாங்கள் பகிடி பண்ணுறமோ எண்டோ?

பார். உனக்கே பிடிபடேல்லை.

... மெய்யடா. மெய்யாத்தான். அடி. நான் வைக்கிறன்.